எல்லாப் பயிற்சிக்கும் போன அண்ணி

அண்ணி இருக்கிறாரா என்று யாராவது வந்து கேட்டால், தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே "பயிற்சிக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் அது உண்மையாகத்தான் இருக்கும். எப்போதாவது அவர் வீட்டில் இருந்தாலும், போய்வந்த அலுப்பில் அசந்து தூங்கிக்கொண்டிருப்பார்.

அண்ணிக்கு அரசாங்கச் சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை. வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தால் தெருவுக்கே தெம்பு என்பார்கள். எங்கள் தெருக்காரர்களுக்கு அண்ணியால் கிடைத்தது பேனாதான். ஒவ்வொரு பயிற்சி முடிவிலும் ஒரு பை, ஒரு பேனா, ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்து அனுப்புவார்கள். பேனா தெருவுக்குப் போனது. பாட்டில்களை அம்மா அடுக்கி வைத்து, ஒரு கட்டத்துக்கு மேல் அடுக்க இடமில்லாமல் திட்ட ஆரம்பித்தாள். பைகள் எல்லாருக்கும் பயன்பட்டன. லிஃப்ட் மெக்கானிக்கான என் அண்ணன் "பத்திரமான பிரசவம்" என்று எழுதிய பையில் ஸ்பேனர் எடுத்துக்கொண்டு போவான். நான் வெட்டுத் துணிகளை "எலிக் காய்ச்சலை ஒழிப்போம்" பையில் போட்டு வைத்திருந்தேன். அளவு கொடுக்க வந்த ஒரு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு அடுத்த தெருத் தையல்காரியிடம் போனவர்தான், திரும்பி வரவே இல்லை.

இதெல்லாம் எப்படித் தொடங்கியது என்றால், ஒருத்தர் மேலும் குற்றம் சொல்ல முடியாத மாதிரித்தான் தொடங்கியது. அண்ணி வேலையில் சேர்ந்த புதிதில், ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் ஒருவரைக் கை கழுவும் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. பெரிய டாக்டர் சுற்றும் முற்றும் பார்த்தார். மூத்த நர்ஸை அனுப்பினால் பிரசவம் பார்க்க ஆளில்லை. கம்பவுண்டரை அனுப்பினால் மருந்து அறைச் சாவியும் அவரோடு ஊருக்குப் போய்விடும். புதிதாக வந்த அண்ணி எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். "நீ போயிட்டு வாம்மா. இங்க ஒண்ணும் கெட்டுப்போயிடாது" என்றார் பெரிய டாக்டர்.

அடுத்து வந்த உத்தரவில், முன்பே பயிற்சி பெற்றவர்களுக்கு முன்னுரிமை என்று ஒரு வரி இருந்தது. எழுதிய அதிகாரி நியாயமாகத்தான் யோசித்திருக்கிறார். ஒன்றும் தெரியாத ஆளுக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பதைவிட, கொஞ்சம் தெரிந்தவருக்கு மேற்கொண்டு சொல்லிக்கொடுப்பது சுலபம். அந்த நிலையத்தில் முன்பே பயிற்சி பெற்றவர் அண்ணி ஒருவர்தான். போனார். மூன்றாவது உத்தரவு வந்தபோது பெரிய டாக்டர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இப்படியே போனதில் அண்ணிக்கு நிலையத்து வேலை பழகவே இல்லை. வேலை பழகாத ஆள்தானே என்று அடுத்த பயிற்சிக்கும் அவரையே அனுப்பினார்கள். அங்கே அவருடைய பெயரே மறந்துபோய், "பயிற்சி வந்தாச்சா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

வீட்டில் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. குளிர்பதனப் பெட்டியில் தடுப்பு மருந்தை எப்படி அடுக்குவது என்று படித்துவிட்டு வந்த அன்று எங்கள் ஃபிரிட்ஜைக் காலி செய்து, பாலை எங்கே வைக்க வேண்டும், தக்காளியை எங்கே வைக்கவே கூடாது என்று கோடு போட்டு ஒட்டினார். பேரிடர் பயிற்சி முடிந்து வந்து, தீப்பிடித்தால் யார் எந்த வழியாக ஓடுவது என்று எங்களை ஒத்திகை பார்க்க வைத்தார். எங்கள் வீட்டுக்கு இருப்பது ஒரே வாசல். அம்மா ஓட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். புகைபிடிப்பவர்களிடம் மனம் நோகாமல் பேசுவது எப்படி என்ற பயிற்சிக்குப் பிறகு அண்ணனிடம் அரை மணி நேரம் இதமாகப் பேசினார். பேசி முடித்ததும் அண்ணன் எழுந்து, மனசு என்னமோ மாதிரி இருக்கிறது என்று சொல்லி, சிகரெட் வாங்கக் கடைக்குப் போனான்.

நான் கேலி செய்யாத நாள் கிடையாது. "இன்னிக்கு என்ன அண்ணி, தும்மறதுக்குப் பயிற்சியா?" என்பேன். ஒரு சாயங்காலமும் அப்படித்தான் கேட்டேன். நான் பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"இன்னிக்குத் தடுப்பூசி நாள். மூத்த நர்ஸுக்குக் கை வலின்னு என்னைப் போடச் சொன்னாங்க" என்றார்.

"நல்ல விஷயம்தானே?"

"ஊசியைக் கையில எடுத்துட்டேன். அந்தம்மா குழந்தையை மடியில வெச்சு, காலைப் பிடிச்சுக்கிட்டாங்க. தொடையைத் துடைச்சுட்டேன். வாசல்ல ஜீப் ஹார்ன் அடிச்சுது. உடனே கிளம்பணுமாம்."

"எதுக்கு?"

"தடுப்பூசி போடறது எப்படின்னு பயிற்சி."

நான் சிரித்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு முழு விவரமும் தெரிந்தது. நர்ஸிங் படித்தபோது ஒரு நோயாளியைச் சுற்றி மொத்த வகுப்பும் நிற்குமாம். அண்ணி குள்ளம். அவர் அந்தப் படிப்பில் பார்த்ததெல்லாம் முன்னால் நின்றவர்களின் முதுகுதான். ரப்பர் கைக்கு ஊசி போட்டிருக்கிறார், ஆரஞ்சுப் பழத்துக்குப் போட்டிருக்கிறார். மனிதருக்கு இதுவரை ஒரு ஊசிகூடப் போட்டதில்லை.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம். என் கையால ஒரு குழந்தைக்கு ஊசி போடணும். இதுக்குத்தானே நான் வேலைக்கு வந்தேன்?" என்றார். அன்று முதல் கேலியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். அடியோடு நிறுத்தினால் அவருக்கும் சந்தேகம் வந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் நாட்டுக்கு ஒரு தேசியப் பொதுச் சுகாதார வியூகம் வேண்டும் என்று மேலே முடிவு செய்தார்கள். நோய் வந்த பிறகு ஓடுவதை விட்டுவிட்டு வருவதற்கு முன்பே தடுப்பது, அதற்குத் திறன்மிகு பணியாளர் படையை உருவாக்குவது. நல்ல யோசனைதான். பெரிய பெரிய ஹோட்டல்களில் உட்கார்ந்து பேசினார்கள், எழுதினார்கள், அடித்தார்கள், மறுபடி எழுதினார்கள். எல்லாம் முடிந்து அட்டை போடும்போது, அந்தப் படைக்கு உதாரணமாக ஒருவரின் படம் வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. கம்ப்யூட்டரில் தேடியிருக்கிறார்கள். நாட்டிலேயே அதிகப் பயிற்சி பெற்ற பணியாளர் யார் என்று பார்த்தால், எங்கள் அண்ணி. இரண்டாவது இடத்தில் இருந்தவர் எட்டிப்பிடிக்க முடியாத தூரத்தில் இருந்தாராம்.

இயக்குநர் அம்மா காரில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பொதுச் சுகாதாரத் துறைக்கே தலைவி. நல்ல மனுஷி, தணிந்த குரல். வியூகத்தின் வெளியீட்டு விழாவில் அமைச்சருக்குச் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போடப்போகிறார்கள், அதை அண்ணிதான் போட வேண்டும் என்றார். அதோடு நிற்கவில்லை. விழா முடிந்ததும் அண்ணி தேசியப் பயிற்சி மையத்துக்குத் தலைமைப் பயிற்சியாளர். பயிற்சி கொடுப்பவர்களுக்கே பயிற்சி கொடுக்கிற பதவி. தனி வீடு உண்டு, கார் உண்டு.

"கார்" என்றதும் அண்ணன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. இயக்குநர் அம்மா அதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டு, தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கார் தெரு முனை திரும்பியதும் அண்ணி தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "எல்லார் முன்னாலயும் கை நடுங்கிச்சுன்னா மானம் போகும். நடுங்கலைன்னா, அப்புறம் ஜென்மத்துக்கும் ஒரு குழந்தைகிட்டகூட என்னை விட மாட்டாங்க. பயிற்சி குடுத்துக்கிட்டே ரிட்டயர் ஆயிடுவேன்."

"ரெண்டாவது பரவாயில்லையே" என்றான் அண்ணன். அவனுக்குக் கார் கண்ணிலேயே நின்றது.

விழா வரைக்கும் எங்கள் வீட்டில் ஆரஞ்சுப் பழமாக வாங்கிக் குவித்தோம். அண்ணி ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, ஊசியால் குத்துவார். குத்திய பழத்தைத் தூக்கிப் போட அம்மாவுக்கு மனசு வரவில்லை, பிழிந்து பிழிந்து எங்களுக்குக் கொடுத்தாள். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. தனக்கு வேண்டிய ஊசியைத் தானே போட்டுக்கொள்வாள். ஒருநாள் அண்ணி மெதுவாகப் போய், "அத்தை, இன்னிக்கு நான் போட்டு விடட்டுமா?" என்று கேட்டார். அம்மா மேலும் கீழும் பார்த்தாள். "உன் சர்டிபிகேட்டெல்லாம் நல்லா இருக்கும்மா. நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் மனசைத் திடப்படுத்திக்கொண்டு சட்டைக் கையை ஏற்றி, "இந்தாங்க, என் கையில போட்டுப் பழகுங்க" என்றேன். தேவையில்லாமல் ஒருத்தருக்கும் ஊசி போடக் கூடாது என்று மறுத்துவிட்டார். அதற்கும் ஒரு பயிற்சி எடுத்திருக்கிறாராம்.

விழா காலையில். பெரிய மண்டபம், மேடை நிறையப் பூந்தொட்டி. எங்களுக்கு இரண்டாவது வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். நான் அவசரத்தில் என் தையல் சாமான் இருந்த பையையே தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வாசலில் காவலர் அதில் எழுதியிருந்த எலிக் காய்ச்சலைப் படித்துவிட்டு, துறை ஆள் என்று சலாம் போட்டு உள்ளே விட்டார். ஆளாளுக்குப் பேசினார்கள். வியூகம் தண்ணீர், காற்று, சாக்கடை, கொசு எல்லாவற்றையும் பற்றிச் சொன்னது. அட்டையில் அண்ணி சிரித்துக்கொண்டிருந்தார். மேடையில் இருந்த அண்ணிக்குச் சிரிப்பே வரவில்லை.

ஊசி போடும் நேரம் வந்தது. அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மேலே தள்ளினார். அது முழங்கையைத் தாண்டவில்லை. புதுச் சட்டை, விறைப்பான துணி. கையை இறுக்கிப் பிடித்துத் தைத்திருந்தார்கள். என் தொழிலில் இப்படித் தைத்துக் கொடுத்தால் முகத்தில் விட்டெறிவார்கள். உதவியாளர் இழுத்தார், இயக்குநர் அம்மா இழுத்தார். கேமராக்களுக்கு முன்னால் சட்டையைக் கழற்ற அமைச்சர் மறுத்துவிட்டார், அதுவும் நியாயம்தான். மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அண்ணி ஊசியோடு நின்றுகொண்டு என்னைப் பார்த்தார்.

எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ. "கொஞ்சம் வழி விடுங்க, நான் தையல்காரி" என்று சொல்லிக்கொண்டே மேடை ஏறிவிட்டேன். தோளில் கை சேருகிற இடத்தில் தையலை நாலு விரல் அளவுக்குப் பிரித்துக் கீழே இழுத்தேன். ஊசி போடுகிற இடம் பளிச்சென்று தெரிந்தது. "சபாஷ்" என்றார் அமைச்சர்.

அண்ணி பஞ்சால் துடைத்தார். அவர் கை நடுங்குகிறதா என்று பார்த்தேன். நடுங்கவில்லை. ஊசி உள்ளே போனது, மருந்து இறங்கியது, வெளியே வந்தது. அவ்வளவுதான். மண்டபம் கை தட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க ஊசியில் நூல் கோத்து, பிரித்த இடத்தைத் தைக்க ஆரம்பித்தேன்.

அமைச்சருக்கு ஒரே சந்தோஷம். பக்கத்தில் மைக் இருந்தது. "வலிக்கவே இல்லையேம்மா. என்ன கை இது. இதுவரைக்கும் எத்தனை பேருக்குப் போட்டிருப்பீங்க?"

அண்ணி எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். கணக்கு வைக்கலை சார் என்றால் அதுகூடப் பொய்யில்லை. இயக்குநர் அம்மாவை ஒரு தடவை பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அமைச்சரிடம், "நீங்கதான் சார் முதல் ஆள்" என்றார்.

மண்டபம் சிரித்தது. அமைச்சரும் சிரித்தார். அண்ணி சிரிக்காமல் நிற்பதைப் பார்த்ததும் அவர் சிரிப்பு மெல்ல நின்றது.

"விளையாட்டுக்குத்தானே சொல்றீங்க?"

"இல்ல சார். ஆரஞ்சுக்குப் போட்டிருக்கேன். ரப்பர் கைக்குப் போட்டிருக்கேன். மனுஷங்கன்னு பார்த்தா நீங்கதான்."

அமைச்சர் எழுந்திருக்கப் பார்த்தார். "அசையாதீங்க சார், ஊசி குத்திடும்" என்றேன். நான் பாதித் தையலில் இருந்தேன். அவர் என் ஊசியைப் பார்த்தார், அண்ணியின் ஊசியைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். வலிக்கவே இல்லை என்று சொன்ன இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப நிலையத்துல என்னதாம்மா பண்றீங்க?"

"நான் நிலையத்துலயே இருக்கறதில்ல சார். பயிற்சிக்குப் போயிடுவேன்." அண்ணி கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்தார். "நல்லாத்தான் சொல்லிக்கொடுக்கறாங்க சார். கத்துக்கிட்டதைச் செய்யறதுக்கு முன்னாடி அடுத்ததுக்குக் கூப்பிட்டுடறாங்க. இனிமே நான் மத்தவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கணுமாம். எனக்கே தெரியாததை நான் எப்படி சார் சொல்லிக்கொடுப்பேன்?"

மைக்கை யாரும் அணைக்கவில்லை. மைக் ஆளுக்கும் பயிற்சி இல்லையோ என்னவோ. இயக்குநர் அம்மா அட்டையில் இருந்த அண்ணியைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். அந்தச் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அண்ணி சொன்னார். அமைச்சர் தட்டாமல் அரை மணி நேரமும் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாருக்கும் தெரியும். பேப்பரில் வந்தது. பேப்பரில் வந்ததால் கூட்டம் போட்டார்கள். வியூகத்தின் அட்டையில் அண்ணியின் படத்தை எடுத்துவிட்டு ஒரு கட்டடத்தின் படத்தைப் போட்டார்கள். கட்டடம் வாய் திறந்து பேசாது. உள்ளே புதிதாக ஒரு பத்தி சேர்த்தார்கள், பயிற்சி பெற்றவர்கள் பணியில் இருப்பதை உறுதி செய்ய வேண்டும் என்று. அதை எப்படி உறுதி செய்வது என்று அதிகாரிகளுக்கு ஒரு பயிற்சி நடந்ததாகக் கேள்வி. அங்கேயும் பை கொடுத்திருப்பார்கள்.

அண்ணிக்குத் தனியாக ஒரு உத்தரவு வந்தது. போதிய கள அனுபவம் இல்லாததால் தலைமைப் பயிற்சியாளர் பதவி ரத்து. மறு உத்தரவு வரும்வரை நிலையத்தை விட்டு எங்கும் போகக் கூடாது, எந்தப் பயிற்சிக்கும் அனுப்பக் கூடாது. அதைத் தண்டனை என்று நினைத்துத்தான் கொடுத்திருந்தார்கள். கண்டிப்பான வார்த்தைகளாகப் பார்த்துப் போட்டிருந்தார்கள். அண்ணி அதைப் படித்துவிட்டு மறுபடி படித்தார். அப்புறம் அம்மாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

அண்ணனுக்குத்தான் ஆறவில்லை. "கேட்டா உண்மையைச் சொல்லணுமா? அதுவும் மைக்ல?" என்று இரண்டு வேளைச் சாப்பாட்டிலும் அதையே பேசினான். அவன் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்ட கார் அது. "வேணும்னேதானே சொன்னீங்க?" என்று நானும் தனியாகக் கேட்டேன். "அவர் கேட்டாரு, நான் சொன்னேன்" என்றார்.

அடுத்த தடுப்பூசி நாள் வந்தது. அண்ணி விடிந்ததும் கிளம்பிப் போனார். நான் அன்றைக்கு ஒரு ரவிக்கையைத் தப்பாக வெட்டினேன். ஜீப் வந்துவிடுமோ, மூத்த நர்ஸ் தானே போடுகிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று என் புத்தியெல்லாம் அங்கேயே இருந்தது. அம்மாவும் அடிக்கடி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். கேட்டால் காற்று வாங்க வந்தேன் என்றாள்.

சாயங்காலம் அண்ணி வந்தார். தலை கலைந்து, புடவையில் என்னென்னவோ கறை. என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து வலது கையை நீட்டினார். கட்டைவிரலுக்குக் கீழே வட்டமாகச் சின்னச் சின்னப் பல் தடம் சிவந்து கிடந்தது.

"ஐயோ, என்ன இது?" என்று அம்மா ஓடி வந்தாள்.

"கடிச்சிட்டான் அத்தை. ஒன்றரை வயசு இருக்கும்." அண்ணி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "ஊசி போட்டு முடிச்சதும் அழலை. சுத்திப் பார்த்தான். அவங்க அம்மா இருந்தாங்க, மூத்த நர்ஸ் இருந்தாங்க, பெரிய டாக்டரும் வந்து நின்னாரு. எல்லாரையும் விட்டுட்டு என் கையைப் பிடிச்சு இழுத்துக் கடிச்சான். யாரு போட்டாங்கன்னு அவனுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு."

அம்மா உள்ளே போய்க் களிம்பு எடுத்துக்கொண்டு வந்தாள். அண்ணி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இப்ப வேணாம் அத்தை. உங்க பிள்ளை வேலை முடிஞ்சு வந்து பார்க்கட்டும். அதுக்குள்ள மறையாம இருக்கணும்."